வேர்டு ஆவணத்தில் 64 படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

எடுத்துக்கொண்ட கோப்பு, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட ஏழு நாள் சிறப்பு முகாமின் அறிக்கை. ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம். உள்ளே 64 படங்கள்: கிடைமட்டமாக எடுத்தவை 48, நெட்டையாக எடுத்தவை 12, நாளிதழ் நறுக்குகள் 4. இவை போக, ஹெடரில் ஒரு சின்னம், கடைசிப் பக்கத்தில் ஸ்கேன் செய்த இரண்டு கையெழுத்துகள், நடுவில் ஒரு வரைபடம். படங்களில் பாதி வாட்ஸ்அப் வழியாக வந்தவை, மீதி கைபேசியிலிருந்து நேரே ஏற்றியவை. ஆளுக்கொரு அளவில் ஒட்டியிருக்கிறார்கள். சிலர் ஓரத்தைப் பிடித்து இழுத்தும் வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கோப்பு கையில் வந்ததும் ஒவ்வொரு படமாக மூலையைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பதுதான் வழக்கம். பத்துப் படத்துக்கு அது சரி. அறுபது படத்துக்கு ஒரு முழு மாலை போகும், கடைசியில் 7.4, 7.6, 7.52 என்று எல்லா அளவும் இருக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது. அச்செடுத்து அருகருகே வைத்தால் வரிசை நெளிந்திருப்பது தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது ஒரு கணக்கு, படத்தின் பைல் எவ்வளவு கனம் என்பது வேறு கணக்கு. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தை 7.5 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கினாலும் உள்ளே அதே 4000 × 3000 அப்படியே கிடக்கும். படம் ஒன்றுக்கு 4 எம்.பி. என்று வைத்தால் 64 படத்துக்கு 256 எம்.பி. மின்னஞ்சலில் போகாது. அளவை மாற்றிவிட்டோமே, கோப்பு ஏன் குறையவில்லை என்று குழம்புவது இந்த இடத்தில்தான். வரிசையும் முக்கியம்: முதலில் பக்கத்தில் அளவு, அதன் பிறகே கனம் குறைத்தல். மாற்றிச் செய்தால், சிறிதாக இருந்தபோது கனம் குறைத்த படத்தைப் பின்னால் பெரிதாக்கும்போது மங்கிவிடும், பழைய தெளிவு திரும்ப வராது. எதைத் தொடுவதற்கு முன்பும் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவைத்து விடுங்கள்.

அளவை எண்ணில் முடிவு செய்தல்

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரண்டு ஓரமும் போக எழுத்துக்கு மிஞ்சுவது 15.92 செ.மீ. இரண்டு நெடுவரிசை அட்டவணை போட்டால் ஒரு கட்டத்துக்கு 7.96. வேர்டு கட்டத்தின் உள்ளே இடமும் வலமும் 0.19 செ.மீ. தானாகவே விடும், அதைக் கழித்தால் 7.58. ஆகவே படத்தின் அகலம் 7.5 செ.மீ. கைபேசிப் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று விகிதம் என்பதால் உயரம் 5.63 வரும். அடியில் விளக்க வரிக்கு 1 செ.மீ. சேர்த்தால் ஒரு வரிசைக்கு 6.63, மூன்று வரிசைக்கு ஏறக்குறைய 19.9. பக்கத்தில் மேலும் கீழும் ஓரம் போக 24.62 செ.மீ. இருக்கிறது. அன்றைய நாளின் தலைப்புக்கும் நாலு வரி விவரத்துக்கும் 4.7 செ.மீ. மிச்சம். பக்கத்துக்கு ஆறு படம், 48 படத்துக்கு எட்டுப் பக்கம்.

நெட்டைப் படங்களை இதே அட்டவணையில் திணிக்கக் கூடாது. 7.5 அகலம் கொடுத்தால் உயரம் 10 செ.மீ. ஆகி வரிசையே எகிறும். 5.63 உயரத்துக்கு அடக்கினால் அகலம் 4.22 ஆகச் சுருங்கிப் பக்கத்துப் படத்தோடு ஒட்டாமல் நிற்கும். இவற்றைத் தனியாக மூன்று நெடுவரிசை அட்டவணையில் போடுவது நல்லது: கட்டத்துக்கு 5.31, உள்ளிடம் போக 4.93, படம் 4.9 × 6.53. பன்னிரண்டு படம் நான்கு வரிசையில் அடங்கிவிடும்.

நாளிதழ் நறுக்குகளுக்கு முழு அகலம், 15.9 செ.மீ. அதில் படிக்க வேண்டியது எழுத்து. நறுக்கைப் படங்களோடு ஒரே அளவில் சுருக்கிப் போட்டால் தலைப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. செய்தி வந்திருக்கிறது என்பதற்குச் சான்றாகத்தானே அதைச் சேர்க்கிறார்கள்.

வரிக்குள் நிற்கும் படம், மிதக்கும் படம்

வேர்டில் படம் இரண்டு விதமாக நிற்கும். இன் லைன் வித் டெக்ஸ்ட் என்றால் அது ஒரு பெரிய எழுத்தைப் போல வரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஸ்கொயர், டைட் போன்றவை மிதக்கும் வகை. படம் ஏதோ ஒரு பத்தியோடு நங்கூரம் போட்டுக்கொண்டு பக்கத்தின் மேல் நிற்கும்.

பல படங்களைக் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கிச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி மிதக்கும் படங்களுக்குத்தான். வரிக்குள் நிற்பவற்றை அப்படிச் சேர்த்துப் பிடிக்க முடியாது. அதனால், எல்லாவற்றையும் ஸ்கொயர் ஆக்கு, சேர்த்துப் பிடி, அளவு கொடு, திரும்ப இன் லைன் ஆக்கு என்று ஒரு யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு பக்கத்தில் நாலைந்து படம் இருக்கும் துண்டறிக்கைக்கு அது பொருந்தும். 64 படமுள்ள அறிக்கைக்கு வேண்டாம். மிதக்கவிட்ட உடனே படங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், அடுத்த பக்கத்துக்குத் தாவும், விளக்க வரி ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் நிற்கும். திரும்ப இன் லைன் ஆக்கும்போது நங்கூரம் இருந்த பத்தியில் போய் விழும், நாம் வைத்திருந்த வரிசையில் விழாது. அளவைச் சரிசெய்ய ஆரம்பித்து வரிசையைத் தொலைத்த கதையாகிவிடும்.

அறிக்கைக்கு இன் லைன்தான் ஏற்றது. புதிதாக ஒட்டும் படங்களும் அப்படியே வர, ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய், இன்செர்ட் ஆர் பேஸ்ட் பிக்சர்ஸ் ஆஸ் என்ற இடத்தில் இன் லைன் வித் டெக்ஸ்ட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்4 வழி

இருபது, முப்பது படம் வரை இதுவே போதும். முதல் படத்தைச் சொடுக்கவும். மேலே பிக்சர் ஃபார்மட் தாவல் வரும், அதன் வலது கோடியில் உயரத்துக்கும் அகலத்துக்கும் இரண்டு பெட்டிகள். அகலப் பெட்டியில் 7.5 என்று அடித்து என்டர். அடுத்த படத்தைச் சொடுக்கி எஃப்4. அடுத்தது, எஃப்4. கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய் என்பது அந்த விசையின் பொருள். கன்ட்ரோலும் ஒய்யும் சேர்ந்தாலும் அதே வேலை. மடிக்கணினியில் எஃப்4 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக்கில் கமாண்டும் ஒய்யும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. நடுவில் ஓர் எழுத்தை அடித்தாலோ எதையாவது அழித்தாலோ வேர்டின் நினைவில் கடைசிச் செயல் அதுவாகிவிடும். பிறகு எஃப்4 அழுத்தினால் அந்த எழுத்துதான் விழும். ஆகவே விளக்க வரியில் பிழை கண்ணில் பட்டாலும் இந்தச் சுற்று முடியும்வரை தொடாதீர்கள். இரண்டாவது, லேஅவுட் சாளரத்தைத் திறந்து உயரம், அகலம் இரண்டையும் அடித்திருந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த படத்துக்கும் போகும். விகிதம் வேறான படம் இழுபட்டு நிற்கும். அகலம் ஒன்றை மட்டும், அதுவும் ரிப்பன் பெட்டியிலேயே கொடுங்கள். முதல் இரண்டு மூன்று படங்களில் உயரப் பெட்டி என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். நாலுக்கு மூன்று படத்தில் 5.63 அல்லது 5.62 காட்ட வேண்டும்.

இழுபட்ட படத்தைக் கண்டுபிடிப்பது

பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்த படங்கள் கோப்பில் கலந்திருக்கும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பத்து சதவீதம் அகலமானால் அவர் அப்படித்தான் இருப்பார் போல என்று கண் சமாதானம் ஆகிவிடும். இந்த மாதிரி அறிக்கையில் அதற்கு ஓர் அருமையான அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. முகாம் பேனரில் நாட்டு நலப்பணித் திட்டச் சின்னம் இருக்கும், கொனாரக் சூரியக் கோயிலின் தேர்ச் சக்கரத்தை ஒட்டி வரைந்தது. பேனரை நேராக எடுத்த படத்தில் அந்தச் சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இருந்தால் யாரோ படத்தை இழுத்திருக்கிறார்கள். பேனர் இல்லாத படங்களுக்கு, படத்தின் மேல் வலச்சொடுக்கி சைஸ் அண்ட் பொசிஷன் திறந்து, ஸ்கேல் பகுதியில் உயரச் சதவீதமும் அகலச் சதவீதமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. 8-க்கு 11 என்று இருந்தால் இழுபட்டது.

இழுபட்ட படத்துக்கு 7.5 அகலம் கொடுத்தால் அதே கோணலோடு 7.5-க்கு வரும். விகிதப் பூட்டு (லாக் ஆஸ்பெக்ட் ரேஷியோ குறி) காப்பாற்றுவது இப்போதிருக்கும் விகிதத்தைத்தான், படம் எடுத்தபோது இருந்ததை அல்ல. முதலில் பூட்டை எடுத்துவிட்டு ஸ்கேல் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். 100 என்று கொடுக்கத் தோன்றும், ஆனால் கைபேசிப் படத்துக்கு அது சரிப்படாது. அங்குலத்துக்கு 72 புள்ளி என்று குறித்த 4000 புள்ளிப் படத்தின் இயல்பான அகலம் வேர்டின் கணக்கில் 141 செ.மீ. வேர்டு ஏற்கும் உச்ச அளவு 22 அங்குலம், அதாவது 55.88 செ.மீ.தான். இரண்டுக்கும் 10 என்று கொடுங்கள். படம் 14.1 செ.மீ.க்கு வந்து விகிதமும் நேராகிவிடும். பிறகு பூட்டைப் போட்டு 7.5 கொடுக்கலாம்.

மேக்ரோ வழி

ஐம்பது படத்துக்கு மேல் போனால், அல்லது இதே அறிக்கை ஆண்டுதோறும் வரும் என்றால், மேக்ரோ, அதாவது வேலையை வேர்டே வரிசையாகச் செய்து முடிக்கச் சொல்லும் சின்ன நிரல், எழுதிவைப்பதே மேல். ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தினால் விஷுவல் பேசிக் சாளரம் திறக்கும். இன்செர்ட், மாட்யூல். உள்ளே பதினைந்து இருபது வரிதான். ரெக்கார்டர் பொத்தானை நம்ப வேண்டாம். படத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுப்பதை அது பதிவு செய்யாது. கையால் எழுதுவதே வழி. வரிகளின் வேலை இதுதான்:

தேர்ந்தெடுத்த பகுதிக்குள் இருக்கும் இன்லைன்ஷேப்ஸ் (வரிக்குள் நிற்பவை) தொகுப்பில் ஒவ்வொன்றாக எடு.
அதன் டைப் 3 அல்லது 4 இல்லையென்றால் விட்டுவிடு.
மாற்று உரையில் 'தொடாதே' என்று இருந்தால் விட்டுவிடு.
லாக்ஆஸ்பெக்ட்ரேஷியோவை அணை.
ஸ்கேல்விட்த், ஸ்கேல்ஹைட் இரண்டையும் 10 ஆக்கு.
இப்போதைய அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மாறிகளில் எடுத்துவை.
படம் அடங்க வேண்டிய பெட்டியின் அகலத்தை (7.5 செ.மீ.) பட அகலத்தால் வகு, பெட்டி உயரத்தை (5.63 செ.மீ.) பட உயரத்தால் வகு, இரண்டில் சிறியதை எடு.
மாறிகளில் எடுத்துவைத்த இரண்டையும் அந்த எண்ணால் பெருக்கி, புதிய அகலமாகவும் புதிய உயரமாகவும் வை.
பூட்டைத் திரும்பப் போடு.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. டைப் 3 என்பது கோப்புக்குள் பதிந்த படம், 4 என்பது வெளியிலிருந்து இணைப்பாக நிற்கும் படம். 12 என்றால் எக்செல் வகை வரைபடம், 1 என்றால் பழைய சமன்பாடு போன்ற உள்பொதிந்த பொருள். இந்தச் சோதனையை விட்டுவிட்டால் வரைபடமும் 7.5-க்குச் சுருங்கி அதன் எழுத்துகள் எறும்பாகிவிடும். ஸ்கேன் செய்த கையெழுத்தும் டைப் 3-தான், டைப்பை வைத்து அதைப் பிரிக்க முடியாது. அதனால்தான் மாற்று உரைச் சோதனை. இரண்டு கையெழுத்தின் மேலும் வலச்சொடுக்கி ஆல்ட் டெக்ஸ்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டால் மேக்ரோ தாண்டிப் போகும். வேலை முடிந்ததும் அதை அழித்து, படம் எதைக் காட்டுகிறது என்று எழுதிவிடுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு அந்த இடத்தில் வாசிக்கப்படுவது அந்த உரைதான். விஷுவல் பேசிக் எடிட்டரில் நேரே தமிழில் அடித்தால் கேள்விக்குறியாகிவிடுவது உண்டு. அப்படி ஆனால் அந்தச் சொல்லுக்குப் பதிலாக 999 போல ஓர் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டை அணைத்துவிட்டு இரண்டையும் நாமே கணக்கிடுவதற்கும் காரணம் உண்டு. மிதக்கும் படத்தில் பூட்டு போட்டிருந்தால் அகலத்தை மாற்றியதும் உயரம் கூடவே மாறும். வரிக்குள் நிற்கும் படத்தில் மேக்ரோ வழியாக அகலத்தை மாற்றும்போது உயரம் அசையாமல் நின்றுவிடும் சிக்கல் பலரும் சந்தித்தது. எழுதியவர் பூட்டை நம்பியிருப்பார், 48 படமும் ஒல்லியாக நிற்கும். இரண்டையும் கணக்கிட்டுக் கொடுத்தால் எந்தப் பதிப்பிலும் பிசகாது. பழைய அகலம், உயரத்தை மாறியில் எடுத்துவைக்கச் சொன்னதும் இதற்குத்தான்: அகலத்தை மாற்றிய பிறகு உயரத்தைக் கேட்டால் எந்த எண் வரும் என்பதை நம்பி இருக்க வேண்டியதில்லை.

விஷுவல் பேசிக் செ.மீ.யில் பேசாது, பாயின்டில்தான் பேசும். ஓர் அங்குலம் 72 பாயின்ட், ஒரு செ.மீ. 28.35 பாயின்ட். 7.5 செ.மீ. 212.6 பாயின்ட், 5.63 செ.மீ. 159.6 பாயின்ட். கையால் மாற்ற வேண்டாம் என்றால் சென்டிமீட்டர்ஸ்டுபாயின்ட்ஸ் என்ற செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. நேரே 7.5 என்று எழுதினால் படம் ஒரு பொட்டாகச் சுருங்கிவிடும். இரண்டில் சிறியதை எடுக்க வேர்டின் விஷுவல் பேசிக்கில் தனிச் செயற்கூறு கிடையாது, ஓர் இஃப் வரி எழுத வேண்டும்.

முழு ஆவணத்துக்கும் ஆக்டிவ்டாக்குமென்ட் என்று எழுதலாம். செலக்‌ஷன் என்று எழுதுவதுதான் பாதுகாப்பு. எட்டுப் பக்க அட்டவணையைத் தேர்ந்தெடுத்து 7.5 × 5.63 பெட்டியோடு ஓட்டுங்கள். நெட்டைப் படங்களின் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து எண்களை 4.9 × 6.53 என்று மாற்றி ஓட்டுங்கள். நறுக்குகள் நான்கை எஃப்4 கொண்டே முடித்துவிடலாம்.

ஓட்டுவதற்கு முன் ஒரு வசதி: வேர்டு 2010 முதல் அன்டுரெக்கார்டு என்று ஒன்று உண்டு. முதல் வரியில் அதன் ஸ்டார்ட்கஸ்டம்ரெக்கார்டும் கடைசி வரியில் எண்ட்கஸ்டம்ரெக்கார்டும் எழுதினால், 48 படத்தின் மாற்றமும் ஒரே கன்ட்ரோல் இசட்டில் திரும்பும். எழுதாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பலமுறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மேக்ரோ தொடாமல் விடுகிறவையும் உண்டு. ஹெடர், ஃபூட்டரில் இருக்கும் படங்கள் முதன்மை உரையில் சேர்த்தி இல்லை, ஆகவே சின்னம் தப்பித்துவிடும். டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் ஒட்டிய படங்களும் அப்படியே கிடக்கும். மிதக்கும் படங்கள் ஷேப்ஸ் என்ற வேறு தொகுப்பில் இருக்கின்றன. எல்லாம் மாறியது, நாலு மட்டும் மாறவில்லை என்றால் முதலில் அந்த நாலும் மிதக்கின்றனவா, டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேர்டுக்குள்ளேயே கைப்பிடியால் திருப்பிய படம் இருந்தால் அதற்கு அகலம், உயரம் இரண்டும் திருப்புவதற்கு முந்தைய நிலையைக் குறிக்கும். நெட்டையாகத் தெரியும் படத்தைக் கிடைமட்டம் என்றே மேக்ரோ எண்ணும். திருப்ப வேண்டியதைப் படக் கோப்பிலேயே திருப்பிச் சேமித்துவிட்டு ஒட்டுவதே நல்லது.

அட்டவணை செய்யும் குறும்பு

கட்டத்துக்குள் பெரிய படத்தை ஒட்டியதும் நெடுவரிசை விரிந்து பக்கத்து நெடுவரிசையை நசுக்குகிறதா? டேபிள் ப்ராபர்ட்டீஸ் திறந்து, ஆப்ஷன்ஸ் பொத்தானில், ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ் என்ற குறியை எடுத்துவிடுங்கள். இந்தக் குறியை முதலிலேயே எடுத்துவிட்டுப் படங்களைச் செருகினால், கட்டத்தைவிடப் பெரிய படம் தானாகவே கட்டத்தின் அகலத்துக்குச் சுருங்கி உட்காரும். புதிதாக அறிக்கை தொடங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. காலி அட்டவணையைச் செய்துவைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகச் செருகினால் மேக்ரோவே தேவைப்படாது. ஒரே குறை, சிறிய படம் கட்டத்துக்குப் பெரிதாகாது, அதை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டும்.

வரிசை உயரத்தில் எக்ஸாக்ட்லி கொடுக்காதீர்கள். படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டதுபோல மறையும். அட் லீஸ்ட் போதும். ரோ தாவலில் அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ் என்பதையும் எடுத்துவிட்டால் படம் ஒரு பக்கத்திலும் விளக்கம் மறு பக்கத்திலுமாகப் பிரியாது.

படம் ஒரு கீற்றாகத் தெரிந்தால்

அளவெல்லாம் சரி, 7.5 × 5.63 என்றே காட்டுகிறது, ஆனால் பக்கத்தில் படத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய பட்டை மட்டும் தெரிகிறது. படம் கெட்டுவிட்டது என்று திரும்பத் திரும்ப ஒட்டிப் பார்ப்பார்கள். படத்தில் ஒரு பழுதும் இல்லை. அந்தப் பத்தியின் வரி இடைவெளி எக்ஸாக்ட்லி 18 பாயின்ட் போல எதிலாவது இருக்கும். தமிழ் எழுத்துருவில் கொம்பும் சுழியும் வரிகளைத் தாறுமாறாகத் தள்ளுகின்றன என்று யாராவது அப்படி வைத்திருப்பார்கள். வரிக்குள் நிற்கும் படம் ஓர் எழுத்து மாதிரி என்றோமே, 18 பாயின்ட் வரியில் 18 பாயின்ட் உயரம்தான் தெரியும். அந்தப் பத்திக்கு சிங்கிள் கொடுத்தால் முழுப் படமும் வந்துவிடும்.

இதையும் மொத்தமாகச் செய்யலாம். படத்துக்கென்று ஒரு ஸ்டைல் உண்டாக்குங்கள்: வரி இடைவெளி சிங்கிள், நடுவில் ஒழுங்கு, கீப் வித் நெக்ஸ்ட் குறியோடு. பிறகு ரீப்ளேஸ் சாளரத்தில் தேடும் பெட்டியில் ஸ்பெஷல் பொத்தானிலிருந்து கிராஃபிக் என்பதையும், மாற்றும் பெட்டியில் அதே பொத்தானிலிருந்து ஃபைண்ட் வாட் டெக்ஸ்ட் என்பதையும் போட்டு, மாற்றும் பெட்டியின் ஃபார்மட்டில் அந்த ஸ்டைலைத் தேர்ந்து ரீப்ளேஸ் ஆல். வரிக்குள் நிற்கும் படம் ஒவ்வொன்றின் பத்தியும் அந்த ஸ்டைலுக்கு வந்துவிடும். கையெழுத்தும் சேர்ந்து நடுவுக்கு வந்திருக்கும், அதை மட்டும் திரும்ப ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கனம் குறைத்தல்

இப்போதுதான் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கி, பிக்சர் ஃபார்மட் தாவலில் அதைத் திறந்து, அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர் என்ற குறியை எடுக்க வேண்டும். அது முன்கூட்டியே போட்டுத்தான் இருக்கும். எடுக்காமல் ஓகே கொடுத்தால் 64-இல் ஒன்று மட்டும் இளைக்கும். டிலீட் கிராப்டு ஏரியாஸ் குறி இருந்தால் வெட்டி மறைத்த பகுதியும் கோப்பிலிருந்து போய்விடும். பின்னால் வெட்டை மாற்ற வேண்டியிராது என்றால் அதுவே நல்லது.

தெளிவு எவ்வளவு? 7.5 செ.மீ. 2.95 அங்குலம். அங்குலத்துக்கு 220 புள்ளி என்றால் 650 புள்ளி அகலம், 330 என்றால் 974, 150 என்றால் 443. கூட்டமாக நிற்கும் படத்துக்கு 220 போதும். நறுக்குகள்தான் சிக்கல். 15.9 செ.மீ. 6.26 அங்குலம். 1600 புள்ளி அகலத்தில் வந்த நறுக்கு அந்த இடத்தில் அங்குலத்துக்கு 256 புள்ளி தருகிறது. 220 கொடுத்தால் 1377-க்கு இறங்கும், பத்திச் செய்தியின் சின்ன எழுத்துகளில் புள்ளிகளும் சுழிகளும் பக்கத்தில் கரையும். ஒற்று போன தமிழைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நறுக்கு உள்ள கோப்புக்கு 330. நறுக்குகள் அப்படியே இருக்கும், கைபேசிப் படங்கள் 974-க்கு இறங்கும், கோப்பும் பத்துப் பதினைந்து எம்.பி. அளவுக்கு வந்துவிடும்.

330 என்ற வாய்ப்பு மங்கலாக இருந்தால் கோப்பு பழைய டாக் வடிவில் இருக்கலாம். தலைப்புப் பட்டையில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்று காட்டும். ஃபைல், இன்ஃபோ, கன்வெர்ட் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதைவிடக் கையடக்கமான வழி ஒன்றும் உண்டு. டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் வேர்டு என்ற அடைவுக்குள் மீடியா என்ற அடைவில் எல்லாப் படமும் வரிசையாக இருக்கும். எது கனம் என்று அங்கேயே தெரிந்துவிடும். கனமான ஜேபெக் படங்களை மட்டும் வெளியே எடுத்து, இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளின் பேட்ச் கன்வெர்ஷனில் (பல படங்களை ஒரே முறையில் மாற்றும் வசதி) நீண்ட பக்கம் 1000 புள்ளி என்று சுருக்கி, அதே பெயரில், அதே பின்னொட்டில் திரும்ப உள்ளே போட்டுப் பின்னொட்டை டாக்ஸ் என்று மாற்றினால் வேலை முடிந்தது. பக்கத்தில் அளவு மாறாது. படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது படத்தில் இல்லை, ஆவணத்தின் எக்ஸ்எம்எல்லில் ஒரு செ.மீ.க்கு 360000 அலகு என்ற கணக்கில் தனியே எழுதியிருக்கிறது. நறுக்குகளைத் தொடாமல் விடலாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

கவனிக்க வேண்டியவை: முழு அடைவையும் பிரித்து வெளியே போட்டுத் திரும்பப் பொதியாக்கும்போது அடைவுக்குள் அடைவாகப் போய்விட்டால் வேர்டு திறக்க மறுக்கும். பொதியைத் திறந்த நிலையிலேயே படங்களை அதன் மேல் இழுத்துவிடுவது நல்லது. இர்ஃபான்வியூவில் படத்தைத் தானாகத் திருப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். வேர்டு ஏற்கெனவே திருப்பிக் காட்டும் படம் இன்னொரு முறை திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில்

ரைட்டரில் பல படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஒவ்வொரு படத்தின் ப்ராபர்ட்டீஸிலும் பொசிஷன் அண்ட் சைஸ் தாவலில் (பழைய பதிப்புகளில் டைப்) அகலத்தைக் கொடுத்து கீப் ரேஷியோ குறியைப் போட வேண்டும். அங்கேயே ரிலேட்டிவ் டு என்ற வசதியில் அகலத்தைச் சதவீதமாகக் கொடுக்கலாம். ரைட்டர் பயனர்கள் ஒட்டுவதற்கு முன்பே படங்களை ஒரே அளவுக்கு பேட்ச் முறையில் சுருக்கிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற துணைக்கருவித் தொகுப்பை நிறுவியிருந்தால் படங்களைத் தேர்ந்து வலச்சொடுக்கினாலே இமேஜ் ரீசைசர் வரும்.

அச்செடுத்துச் சரிபார்த்தல்

முழு அறிக்கையையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு படப் பக்கத்தை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். படம் 7.5 இருக்க வேண்டும். 7.2 அல்லது 7.3 வந்தால் வேர்டுக்குத் திரும்பிப் போய் எதையும் மாற்றாதீர்கள். ஜெராக்ஸ் கடைகளில் பிடிஎஃப்பாகக் கொடுத்த கோப்பு ஃபிட் என்ற அமைப்பில் அச்சாகும், அது பக்கத்தையே சில சதவீதம் சுருக்கும். அச்சுச் சாளரத்தில் ஆக்சுவல் சைஸ் என்று மாற்றச் சொல்லி அதே பக்கத்தை இன்னொரு முறை எடுங்கள்.